சவூதி ஜாக்கப் ரிக் ஆஃபர், போலாமா?

ப்ரோ, சென்னை வேலைய விட்டுட்டு சவூதி ஜாக்கப் ரிக்ல (கடல்ல கால ஊனி நின்னு எண்ணெய்க் கிணறு தோண்டுற மேடை) ரவுஸ்டபவுட்டா, அதாவது டெக்ல எல்லா வேலைக்கும் நிக்கிற கூலியாளா சேரலாமான்னு கேட்டிருக்கீங்க. சம்பளம் கெடக்கட்டும், அந்த ரிக்கோட கான்ட்ராக்ட் எப்ப முடியுதுன்னு முதல்ல கேளுங்க. 2024 ஜனவரில சவூதி அரசு அவங்க எண்ணெய்க் கம்பெனி அராம்கோகிட்ட, ஒரு நாளைக்கு 1.3 கோடி பேரல் எண்ணெய் எடுக்கிற திறனெல்லாம் வேணாம் 1.2 கோடியே போதும்னு சொல்லிடுச்சு, அதுக்கப்புறம் 20க்கு மேல ஜாக்கப்ப வரிசையா சஸ்பெண்ட் பண்ணாங்க, சஸ்பெண்ட்னா டே ரேட் (ரிக் கம்பெனிக்குக் கிடைக்கிற தினவாடகை) கட், டே ரேட் நின்னா முதல்ல வீட்டுக்குப் போறது நம்மள மாதிரி ஆளுங்கதான். 2016ல எண்ணெய் 30 டாலருக்குக் கீழ விழுந்தப்ப நான் லீவுக்கு ஊருக்கு வந்தவன், பூட்ஸு கவரால் எல்லாம் ரிக் லாக்கர்லயே கெடந்துச்சு, திரும்பக் கூப்பிடவே இல்ல. பிரேசில், கயானா பக்கம் ஆழ்கடல் ட்ரில்ஷிப் (கிணறு தோண்டுற கப்பல்) வேலை இருக்குதான், ஆனா அனுபவம் இல்லாம உள்ள போறது கஷ்டம். கான்ட்ராக்ட் ரெண்டு வருஷமாவது மிச்சம் இருந்தா போங்க. ஏஜென்ட்டு முன்பணம் கேட்டா மட்டும் குடுத்துடாதீங்க.