லைட் தெரபினு சொன்னா முதல்ல எந்த லைட்னு கேளுங்க

கேள்வி: வயசு 24, கன்னத்துலயும் தாடையிலயும் பரு. ஸ்கின் கிளினிக்ல போட்டோடைனமிக் தெரபி ஆறு சிட்டிங், மொத்தமா கட்டினா டிஸ்கவுண்ட்ங்கிறாங்க. அதுக்கு பதிலா ஒரு எல்இடி மாஸ்க் வாங்கி வீட்லயே போட்டுக்கலாமா, ரெண்டும் ஒண்ணுதானே?

பதில்: ஒண்ணே இல்லங்க. லைட் தெரபிங்கிற ஒரே பேர்ல சம்பந்தமே இல்லாத மூணு விஷயத்த விக்கிறாங்க (மருந்து தடவிப் பண்ற போட்டோடைனமிக், எல்இடி, யூவிங்கிற புற ஊதா லைட்), எனக்கு வர்ற கேள்வில பாதி இந்தக் குழப்பத்துலதான் ஆரம்பிக்குது. போட்டோடைனமிக்னா முதல்ல ஒரு மருந்து தடவணும், பெரும்பாலும் அமினோலெவுலினிக் ஆசிட். அத தோல்ல கொஞ்ச நேரம் ஊற விட்டா உள்ள போய் போர்ஃபிரின்னு ஒரு பொருளா மாறும், எண்ணெய் சுரப்பிகள்ல அது நல்லா சேரும், அதுக்கப்புறம் நீல லைட்டோ சிவப்பு லைட்டோ அடிச்சா அந்த போர்ஃபிரின் ஆக்சிஜனோட வினை புரிஞ்சு தான் இருக்கிற செல்லையே சிதைச்சிடும். அதாவது லைட்டுங்கிறது தீக்குச்சி மாதிரி, எரியுறது மருந்து. மாஸ்க்ல அந்த மருந்தே கிடையாது, பரு கிருமி தானா தயாரிக்கிற கொஞ்சூண்டு போர்ஃபிரின நம்பித்தான் நீல லைட் வேலை செய்யுது, அதனால அது ரொம்ப மெதுவான, மிதமான வைத்தியம்.

கிளினிக்ல கேக்க வேண்டியது இதுதான்: என்ன மருந்து தடவுவீங்க, எவ்வளவு நேரம் ஊற வைப்பீங்க, எந்த கலர் லைட், எத்தனை நிமிஷம். "மருந்தெல்லாம் இல்ல, சும்மா லைட் மட்டும்தான்"னு பதில் வந்தா அது போட்டோடைனமிக்கே இல்ல, எல்இடி சிட்டிங்க பெரிய பேர்ல விக்கிறாங்க, எந்திரிச்சு வந்துடுங்க. இன்னொண்ணு, இந்த வைத்தியத்துக்கு அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1999ல ஒப்புதல் குடுத்தது வெயில்ல வர்ற ஆக்டினிக் கெரடோசிஸ்ங்கிற சொரசொரப்பான திட்டுக்குத்தான், பருவுக்கு இல்ல. பருவுக்கு டாக்டர்கள் தங்களோட அனுபவத்துல பண்றாங்க, சிலருக்கு நல்லாவே கேக்குது, ஆனா பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் மாதிரி சாதாரண மருந்த ரெண்டு மூணு மாசம் ஒழுங்கா போட்டுப் பாக்காம இதுக்குப் போறது எனக்கு சரியா படல. ஆறு சிட்டிங் காச மொத்தமா கட்டவே கட்டாதீங்க, முதல் சிட்டிங் முடிஞ்சு ரெண்டு வாரம் உங்க தோல் என்ன பண்ணுதுனு பாருங்க. மாநிறம், கருப்பு நிறம்னா ஆறின இடத்துல கருமை தங்குறதுக்கு வாய்ப்பு இருக்கு.

எங்க அக்காவுக்கு பண்ணப்ப நான் கூட இருந்தேன். லைட் போட்ட ரெண்டாவது நிமிஷமே ஊசிய சூடு பண்ணி குத்துற மாதிரி இருக்குனு என் கைய புடிச்சுக்கிட்டா, நர்ஸ் ஒரு சின்ன ஃபேன முகத்துக்கு நேரா காட்டிட்டே இருந்தாங்க. அதகூட தாங்கிட்டா. மறுநாள்தான் கஷ்டம். சன்ஸ்கிரீன் போட்டா போதும்னு அங்க சொல்லி அனுப்பிட்டாங்க, இவளும் போட்டுக்கிட்டு ஜன்னலோரம் உக்காந்து லேப்டாப்ல வேலை பாத்திருக்கா, சாயங்காலம் ஜன்னல் பக்கம் இருந்த கன்னம் மட்டும் செவந்து வீங்கிப் போச்சு. அந்த மருந்த தூண்டுறது கண்ணுக்குத் தெரியுற வெளிச்சம், சாதாரண சன்ஸ்கிரீன் புற ஊதாவத்தான் தடுக்கும், இத தடுக்காது. ரெண்டு நாள் வெளிச்சத்துல இருந்து ஒதுங்கியே இருக்கணும், ஜன்னல் வெளிச்சமும் சேத்து. காசு வாங்குறவங்க இத வாய் திறந்து சொல்லணும், சொல்லலனா நீங்களே கேளுங்க.

கேள்வி: ஏழு கலர் எல்இடி மாஸ்க் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், 200 பல்ப் இருக்காம், எஃப்டிஏ ரெஜிஸ்டர்டுனு போட்டிருக்கு. வாங்கலாமா?

பதில்: ஏழு கலர்ல ஓரளவு ஆதாரம் இருக்கிறது ரெண்டு மூணுக்குத்தான். பருவுக்கு அலைநீளம் 415 நானோமீட்டர் பக்கத்துல நீலம், வீக்கம் சிவப்பு தணியவும் சுருக்கத்துக்கும் 630 பக்கத்துல சிவப்பு, அதோட கண்ணுக்குத் தெரியாத 830 பக்கத்து அகச்சிவப்பு. பச்சை, ஊதா எல்லாம் அட்டைப்பெட்டிய அழகாக்கத்தான். அலைநீளத்த நம்பரா எழுதாம வெறும் "ப்ளூ, ரெட்"னு மட்டும் போட்டிருந்தா விட்டுடுங்க.

பல்ப் எண்ணிக்கை ஒண்ணத்தையும் சொல்லாது. தோல் மேல விழுற சக்தி எவ்வளவுனு பாக்கணும், சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை மில்லிவாட்னு இருக்கும். அத எத்தனை செகண்ட் போடுறமோ அதால பெருக்கி 1000 ஆல வகுத்தா, தோலுக்கு மொத்தமா கிடைக்கிற சக்தி ஜூல் கணக்குல வந்துடும். 30 மில்லிவாட் மாஸ்க்க 10 நிமிஷம் போட்டா 18 ஜூல், 5 மில்லிவாட் மாஸ்க்க அதே 10 நிமிஷம் போட்டா வெறும் 3 ஜூல், ஆனா கண்ணாடில பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் ஜொலிக்கும். அந்த மில்லிவாட் நம்பர விக்கிறவங்ககிட்ட கேட்டு மெசேஜ் போடுங்க, பதில் வரலனா அதுவே பதில்.

எஃப்டிஏ ரெஜிஸ்டர்டுங்கிறதுல ஏமாறாதீங்க ப்ளீஸ். ரெஜிஸ்டர்னா கம்பெனி தன் பேர பட்டியல்ல எழுதி வச்சிருக்குனு மட்டும்தான் அர்த்தம், பொருள யாரும் பாத்து சரி சொன்னாங்கனு இல்ல. "கிளியர்டு"னா வேற, எஃப்டிஏ பாத்து விக்க அனுமதிச்சதுனு அர்த்தம், அதுக்குனு ஒரு 510கே நம்பர் இருக்கும், அத வாங்கி எஃப்டிஏ தளத்துலயே தேடிப் பாக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சோதனை. டிவி ரிமோட்ட ஃபோனோட செல்ஃபி கேமரா முன்னாடி அமுத்துங்க, முனையில வெள்ளையாவோ ஊதாவாவோ புள்ளி மின்னினா உங்க கேமராவுக்கு அகச்சிவப்பு தெரியுது. இப்ப மாஸ்க்க அகச்சிவப்புல போட்டு அதே கேமராவ காட்டுங்க. நான் வாங்கின ஒண்ணுல ரிமோட் பளிச்சுனு தெரிஞ்சுது, மாஸ்க்ல அகச்சிவப்புனு சொன்ன பல்ப் ஒண்ணுகூட எரியல, முழு இருட்டு. அத வீடியோ எடுத்து அனுப்பினதுக்கு அப்புறம்தான் திருப்பி எடுத்துக்கிட்டாங்க, அதனால பெட்டிய பிரிக்கிறப்பவே வீடியோ எடுத்து வைங்க. நீல லைட் வேலை செஞ்சாலும் சின்னச் சின்ன சிவந்த பருவுக்குத்தான் கொஞ்சம் உதவும், அதுவும் ரெண்டு மூணு மாசம் விடாம போடணும். கரும்புள்ளிக்கும், உள்ளுக்குள்ள கட்டியா இருக்கிற பருவுக்கும் பெருசா எதுவும் பண்ணாது.

கேள்வி: அப்பாவுக்கு முட்டியிலயும் முழங்கையிலயும் சொரியாசிஸ். ஆஸ்பத்திரியில வாரம் மூணு தடவ லைட் குடுக்குறாங்க, அலைச்சல் தாங்கல. ஆன்லைன்ல கம்மி விலையில யூவி லேம்ப் கிடைக்குது, வாங்கட்டுமா?

பதில்: அந்த லேம்ப தயவு செஞ்சு வாங்காதீங்க. அப்பாவுக்குக் குடுக்குறது நேரோபேண்ட் யூவிபி, 311 நானோமீட்டர் பக்கத்துல ஒரு மெல்லிசான பட்டை, அத வச்சுத்தான் சொரியாசிஸ், வெண்புள்ளி, சில எக்ஸிமா எல்லாம் பாக்குறாங்க. யூவினு பொதுவா விக்கிறதுல பல்லி ஆமை வளக்குறவங்க லேம்ப், உடம்பு நிறத்த கருக்குறதுக்கான லேம்ப், கிருமி கொல்ற 254 நானோமீட்டர் லேம்ப்னு எல்லாம் கலந்து கிடக்கு, கடைசி வகைய தோல்ல காட்டினா புண்ணாகிடும், கண்ணுக்கும் காயம் ஆகும். சரியான யூனிட் வீட்டு உபயோகத்துக்கும் இருக்கு, அதுல போடுற பிலிப்ஸ் குழாயில 01னு முடியுற குறியீடு இருக்கும், 12னு இருந்தா அது பழைய அகலப்பட்டை, சீக்கிரமே சுட்டுடும்.

உங்க அலைச்சல் புரியுது, அதுக்கு வழியும் இருக்கு. முட்டி முழங்கைக்கு மட்டும்னா முழு உடம்பு கேபினெட் வேண்டாம், கையில புடிக்கிற சின்ன யூனிட் போதும். ஆனா டாக்டர் எழுதிக் குடுத்த அட்டவணை கையில இருக்கணும், கம்மில ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமாத்தான் நேரத்த ஏத்தணும், ஒரு நாள் செவந்தா அன்னைக்கு நிறுத்தணும். யூனிட்ல டைமர் கண்டிப்பா வேணும். யூவி கண்ணாடி அப்பாவுக்கும் வேணும், புடிச்சிட்டு இருக்கிற உங்களுக்கும் வேணும். குழாய் பழசாக ஆக சக்தி கொறையும், புதுசு மாத்தினதும் பழைய நேரத்தையே குடுத்தா சுட்டுடும், அதனால மாத்துக் குழாய் கிடைக்குமா, மாத்தினா நேரத்த எப்படி கொறைக்கணும்னு வாங்குறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க. சொரியாசிஸ் அடங்க 20, 30 தடவ ஆகும், அவசரப்பட்டு நேரத்த கூட்ட வேண்டாம்னு அப்பாகிட்ட சொல்லுங்க.

கேள்வி: மங்குக்கு நீல லைட் மாஸ்க் போடலாமா?

பதில்: வேண்டாம். நீல வெளிச்சம் மாநிறத் தோல்ல கருமைய கூட்டிடும். அந்தக் காசுக்கு இரும்பு ஆக்சைடு கலந்த, நிறம் உள்ள சன்ஸ்கிரீன் வாங்கிக்கோங்க.

கேள்வி: பருவுக்கு மாத்திரை சாப்பிடுறேன், கூடவே மாஸ்க்கும் போடலாமா? கண்ணுக்கு ஏதாவது ஆகுமா?

பதில்: மாத்திரை பேர எழுதலையே. டாக்ஸிசைக்ளின், ஐசோட்ரெடினாயின் மாதிரினா தோல் வெளிச்சத்துக்கு சீக்கிரம் செவக்கும், மாத்திரை எழுதின டாக்டர்கிட்ட கேட்டுட்டு அப்புறம் போடுங்க. லூபஸ், போர்ஃபிரியா மாதிரி வெளிச்சம் ஒத்துக்காத நோய் இருக்கிறவங்க தொடவே கூடாது. கண்ணப் பத்தி கேட்டது நல்ல கேள்வி, 2019ல ஒரு பெரிய பிராண்ட் பருவுக்கான லைட் மாஸ்க்க கண் பாதுகாப்பு சந்தேகத்தாலயே கடைகள்ல இருந்து திருப்பி எடுத்துக்கிச்சு, குறிப்பா விழித்திரை நோய் இருக்கிறவங்களையும், வெளிச்சம் ஒத்துக்காத மாத்திரை சாப்பிடுறவங்களையும் நினைச்சு. கண்ண மூடிக்கிட்டா போதும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, இமை மெல்லிசு, வெளிச்சம் உள்ள வரும். கண் பக்கம் மறைப்பு இல்லாத மாஸ்க்னா தனியா கண்ணாடி குடுக்குறாங்களானு பாத்துட்டு வாங்குங்க, குடுக்கலனா வேற பாருங்க.