'சார்ஜ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எத்தனை பொருள்? எந்த இடத்தில் எந்த மாற்றுச் சொல் பொருந்தும்?

பொருள்களை வரிசையாக மனப்பாடம் செய்தால் இந்தச் சொல் பிடிபடாது. வேரைப் பிடித்துக்கொள்ளுங்கள். லத்தீனில் 'கார்ருஸ்' என்றால் வண்டி. வண்டியில் பாரம் ஏற்றுவதைக் குறித்த சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'சார்ஜ்' ஆனது. 'கார்கோ', 'கேரி', 'கார்' மூன்றும் அதே வண்டியில் பிறந்தவை. ஆகவே 'சார்ஜ்' எங்கே வந்தாலும் யார் மேல் என்ன சுமை ஏறுகிறது என்று பாருங்கள். பணமா, பொறுப்பா, பழியா, மின்சாரமா, வெடிமருந்தா? சுமை எதுவென்று தெரிந்தால்தான் மாற்றுச் சொல்லைத் தேட முடியும்.

முதலில் பணம். நாம் 'பஸ் சார்ஜ்' என்கிறோம். ஆங்கிலத்தில் பயணத்துக்குக் கொடுப்பது 'ஃபேர்'. டாக்டர், வக்கீல், பள்ளிக்கூடம் வாங்குவது 'ஃபீ'. சுங்கச்சாவடியில் கட்டுவது 'டோல்'. கடையில் பொருளுக்குக் கொடுப்பது 'பிரைஸ்'. செய்துகொடுத்த வேலைக்கோ வசதிக்கோ வாங்கும் தொகைதான் 'சார்ஜ்': டெலிவரி சார்ஜ், வங்கியின் சர்வீஸ் சார்ஜ் போல.

இதை வினையாக எழுதும்போது தமிழ் வேற்றுமை உருபு நம்மைத் தவறான பக்கம் இழுக்கும். 'என்னிடம் 500 ரூபாய் வாங்கினார்கள்' என்று மனதில் ஓடுவதால் பலர் 'சார்ஜ்டு ஃப்ரம் மீ' என்று எழுதுகிறார்கள். நடுவில் 'ஃப்ரம்' போன்ற எந்த முன்னிடைச்சொல்லும் வேண்டாம். 'தே சார்ஜ்டு மீ 500 ருபீஸ் ஃபார் தி ரிப்பேர்' என்பதே சரி. 'சார்ஜ் டு' என்று வந்தால் பெரும்பாலும் கணக்கில் ஏற்றுவது என்று பொருள். ஹோட்டலில் 'சார்ஜ் இட் டு மை ரூம்' என்றால் அந்தத் தொகையை அறைக் கணக்கில் எழுதிவிடுவார்கள்.

அடுத்தது பொறுப்பு. 'டேக் சார்ஜ்' என்றால் பொறுப்பேற்பது. 'இன் சார்ஜ் ஆஃப்', 'இன் தி சார்ஜ் ஆஃப்' இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன 'தி' தான் வித்தியாசம், ஆனால் பொருள் தலைகீழாகிவிடும். 'தி நர்ஸ் இஸ் இன் சார்ஜ் ஆஃப் தி சைல்ட்' என்றால் செவிலியர் குழந்தைக்குப் பொறுப்பு. 'தி சைல்ட் இஸ் இன் தி சார்ஜ் ஆஃப் தி நர்ஸ்' என்றால் குழந்தை செவிலியரின் பொறுப்பில் இருக்கிறது. அந்தக் குழந்தையையே 'ஹெர் சார்ஜ்' என்றும் சொல்வார்கள். ஆங்கில நாவலில் ஓர் ஆசிரியை தன் 'சார்ஜஸ்' உடன் பூங்காவுக்குப் போனாள் என்று வந்தால் கட்டணத்தைத் தேட வேண்டாம், அவள் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் அவர்கள்.

நம் அலுவலகங்களில் வழங்கும் 'இன்சார்ஜ்' வேறு கதை. 'பிரின்சிபால் இன்சார்ஜ்' என்றால் தற்காலிகமாக அந்த இடத்தைப் பார்ப்பவர் என்று இந்தியாவில் புரியும். பிரிட்டிஷ், அமெரிக்க வாசகருக்குப் புரிய 'ஆக்டிங் பிரின்சிபால்' என்று எழுத வேண்டும். 'ஷிஃப்ட் இன்சார்ஜ்' என்பதற்கு 'ஷிஃப்ட் சூப்பர்வைசர்'.

பழி என்ற பொருளில்தான் மாற்றுச் சொல்லைத் தவறாகப் போட்டால் விளைவு பெரிது. 'அலெஜ்' என்றால் நிரூபிக்காமல் சொல்வது. 'அக்யூஸ்' என்றால் நேரடியாகக் குற்றம் சாட்டுவது, யாரும் யாரையும் சாட்டலாம். குற்றம் பற்றிப் பேசும்போது 'சார்ஜ்' சட்டப்படியான நடவடிக்கை. முன்னிடைச்சொற்களும் மாறும்: 'அக்யூஸ்டு ஆஃப்', 'சார்ஜ்டு வித்', 'பிளேம்டு ஃபார்'. 'அக்யூஸ்டு ஃபார்' என்று எழுதுவது பிழை.

மொழிபெயர்ப்பாளர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் போலீஸே ஒருவரை 'சார்ஜ்' செய்யலாம். இந்தியாவில் போலீஸ் தாக்கல் செய்யும் 'சார்ஜ் ஷீட்', அதாவது குற்றப்பத்திரிகை, விசாரணையின் இறுதி அறிக்கைதான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 173-இன் கீழ் வந்தது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் பிரிவு 193-இன் கீழ் வருகிறது. அதைப் படித்துப் பார்த்து நீதிமன்றம் வனைவதே, அதாவது முறைப்படி எழுதிப் பதிவதே, சட்டம் சொல்லும் 'சார்ஜ்'. இரண்டையும் 'குற்றச்சாட்டு' என்ற ஒரே சொல்லால் எழுதினால் வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதே வாசகருக்குத் தெரியாமல் போகும்.

சுமையை இறக்குவது 'டிஸ்சார்ஜ்'. மருத்துவமனையிலிருந்து அனுப்புவது, கடனை அடைத்துத் தீர்ப்பது, கழிவுநீரை ஆற்றில் விடுவது எல்லாம் இதில் அடங்கும். நீதிமன்றத்தில் மட்டும் இதை 'அக்விட்' உடன் குழப்பக் கூடாது. வழக்கு நடத்தப் போதிய முகாந்திரம் இல்லை என்று தொடக்கத்திலேயே விடுவிப்பது 'டிஸ்சார்ஜ்'. குற்றவாளி அல்ல என்று தீர்ப்பளிப்பது 'அக்விட்'. அப்படித் தீர்ப்புப் பெற்றவரை அதே குற்றத்துக்கு மீண்டும் விசாரிக்க முடியாது. டிஸ்சார்ஜ் ஆனவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நாளிதழ்கள் இரண்டையும் 'விடுதலை' என்று போடுவது வருத்தமான விஷயம். முதலாவதை 'வழக்கிலிருந்து விடுவிப்பு' என்று எழுதினாலே குழப்பம் தீரும்.

சொத்திலும் சார்ஜ் உண்டு. கடனுக்கு ஈடாகச் சொத்தின் மேல் ஏறும் உரிமைச் சுமை அது. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டம் பிரிவு 100-இல் இதை அடமானத்திலிருந்து பிரித்தே வைத்திருக்கிறது. எனவே இங்கே 'மார்ட்கேஜ்' என்பதை மாற்றுச் சொல்லாகப் போடாதீர்கள்.

மின்சாரத்துக்கு இந்தச் சொல் 18-ஆம் நூற்றாண்டில் வந்தது. லைடன் ஜாடி என்ற கண்ணாடிக் குடுவையில் மின்சாரத்தை ஏற்றிவைத்த காலம் அது. இதில் தமிழ் ஆங்கிலத்தைவிடத் துல்லியம்: துகளிடம் இருப்பது மின்னூட்டம், பேட்டரிக்குச் செய்வது மின்னேற்றம். ஆங்கிலத்தில் இரண்டும் 'சார்ஜ்' தான். போன் பெட்டியில் 5000 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டிருந்தால் அது ஏற்றிவைக்கக்கூடிய மின்னூட்டத்தின் அளவு, மின்னூட்டத்தின் அலகான கூலுமில் சொன்னால் 18,000. பேச்சில் வரும் தவறு 'ஐ புட் சார்ஜ்' என்பது. 'மை ஃபோன் இஸ் சார்ஜிங்' என்றால் போதும். சார்ஜ் தீர்ந்துவிட்டால் 'மை ஃபோன் இஸ் டெட்', தீரப்போகிறது என்றால் 'மை பேட்டரி இஸ் லோ'.

கடைசியாகப் பாய்ச்சல். உடல் எடை முழுவதையும் எதிரி மேல் கொண்டுபோய் இறக்குவது என்று இதை நினைவில் வைக்கலாம். 'அட்டாக்' தூரத்திலிருந்தும் நடக்கும், பேச்சாலும் நடக்கும். 'ஸ்டார்ம்' என்றால் ஓர் இடத்தைப் புகுந்து பிடிப்பது. 'ரஷ்' என்பதில் பகை இருக்க வேண்டியதில்லை. 'சார்ஜ்' என்றால் நேராக, வேகமாக, நெருங்கி மோதுவது. 1854-இல் கிரிமியப் போரில் பாலக்லாவா என்ற இடத்தில் பிரிட்டிஷ் குதிரைப்படை ரஷ்யப் பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்தது அப்படித்தான். காளை முட்ட வருவதும் 'சார்ஜ்', அதோடு 'அட்' சேரும். நம் ஊர் 'லத்தி சார்ஜ்' தெற்காசியாவுக்கு வெளியே எளிதில் புரியாது. அங்கே 'பேட்டன் சார்ஜ்' என்று எழுதுங்கள். தமிழில் எழுதும்போது 'தடியடி' இருக்க லத்தி சார்ஜுக்குத் தேவையே இல்லை.