பார்லரில் 'போடோக்ஸ்' ஊசி போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: வயது 48. மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை கோடு ஆழமாக விழுந்துவிட்டது. மூன்று வாரத்தில் மகளுக்குக் கல்யாணம். மணப்பெண் அலங்காரத்துக்குப் பேசியிருக்கும் பார்லரில் "போடோக்ஸ், ஒரே ஊசி, அரை மணி நேரம்" என்று 6,000 ரூபாய் கேட்கிறார்கள். 2,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். போட்டுக்கொள்ளலாமா? - வாசகி, திருமங்கலம்

பதில்: அங்கே வேண்டாம் அம்மா.

முதலில் மருந்தின் பேரே தப்பு. போடோக்ஸ் தசையைத் தளர்த்துகிற மருந்து. நெற்றிச் சுருக்கத்துக்கும் கண்ணோரக் கோட்டுக்கும் போடுவது. உங்கள் கோடு கன்னத்துச் சதை வற்றி இறங்குவதால் வருவது, அதற்குப் போடுவது ஃபில்லர், அதாவது ஹயலூரானிக் அமில ஜெல். போடோக்ஸை அந்த இடத்தில் குத்தினால் சிரிப்பு கோணிப்போகலாம். என்ன மருந்து போடப்போகிறோம் என்றே தெரியாதவரிடம் முகத்தைக் கொடுக்காதீர்கள்.

ஃபில்லர் நல்ல பொருள்தான், நானும் போடுகிறேன், பலருக்கு ஒரு வருடம் போல நிற்கும். ஆனால் நீங்கள் சொல்லும் கோட்டை ஒட்டியே முகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி ஓடுகிறது. ஜெல் அதற்குள் இறங்கினால் அடைத்துக்கொள்ளும், தோல் செத்துப்போகும், அரிதாகப் பார்வையே போனவர்களும் உண்டு. பார்லரில் போட்டுக்கொண்ட ஒரு பெண் மூன்றாம் நாள் என்னிடம் வந்தார். மூக்கு மடலிலிருந்து மேலுதடு வரை வலை விரித்தது போல ஊதா நிறம், நடுவே சின்னச் சின்னக் கொப்புளங்கள். ஊசி போட்டதுமே அந்த இடம் வெளுத்திருக்கிறது, தாங்க முடியாத வலி என்று அவரும் சொல்லியிருக்கிறார், ஐஸ் வையுங்கள் சரியாகிவிடும் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இந்த ஜெல்லைக் கரைக்க ஹயலூரானிடேஸ் என்று ஒரு மருந்து இருக்கிறது. அப்போதே போட்டிருந்தால் அவர் முகத்தில் தழும்பு அநேகமாக வந்திருக்காது.

அதனால் எங்கே போனாலும் முதலில் கேட்க வேண்டியது, "ஹயலூரானிடேஸ் இங்கே இருக்கிறதா, எடுத்துக் காட்டுங்கள்" என்பதுதான். திருதிருவென்று முழித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம் அந்த 6,000 ரூபாய். நல்ல கம்பெனி ஃபில்லர் சிரிஞ்ச் ஒன்று எங்களுக்கு வந்து சேரும் விலையே அதைவிட அதிகம், பிறகு எப்படிக் கட்டுப்படியாகிறது? ஒருவருக்குப் பாதி போட்டு மீதியை ஃப்ரிட்ஜில் வைத்து அடுத்தவருக்குப் போடுகிறார்கள், இல்லையென்றால் பேர் தெரியாத சரக்கு. சீல் வைத்த பெட்டியை உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும், உள்ளே லாட் எண் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் எண்) அச்சிட்ட சின்ன ஸ்டிக்கர் இருக்கும், ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

"சென்னையிலிருந்து டாக்டர் வந்து போடுவார்" என்பார்கள். சரி, பேரையும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணையும் கேளுங்கள். தோல் மருத்துவரோ ப்ளாஸ்டிக் சர்ஜனோதான் போட வேண்டும். ஒரு விதிவிலக்கு, இதைச் சொல்லாவிட்டால் பல் மருத்துவ நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள்: முகம், தாடை அறுவை சிகிச்சையில் எம்.டி.எஸ். (பல் மருத்துவ மேற்படிப்பு) முடித்தவர்கள் முகத்தின் ரத்தக் குழாய்களை வருடக்கணக்கில் அறுவை அரங்கில் பார்த்துப் பழகியவர்கள், பயிற்சி எடுத்திருந்தால் தாராளமாகப் போடலாம். எம்.டி.எஸ்.ஸில் பல பிரிவு உண்டு, பல் கம்பி கட்டுகிறவரும் எம்.டி.எஸ்.தான், அவரை நான் சொல்லவில்லை. வெறும் பி.டி.எஸ். (பல் மருத்துவ இளநிலைப் படிப்பு) முடித்து இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் சர்டிஃபிகேட் மாட்டியிருப்பவரையும் சொல்லவில்லை. எந்தப் பிரிவு என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

பார்லரில் ஏதாவது ஆகிவிட்டால் யாரிடம் போவீர்கள்? மருத்துவக் கவுன்சில் தன்னிடம் பதிவு செய்த டாக்டரைத்தான் விசாரிக்கும், பார்லர்காரர் அதில் வரமாட்டார். மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம், போலீசுக்கும் போகலாம், ஆனால் முகம் கெட்டுப்போன பெண்தான் முகத்தில் கட்டோடு ரசீதைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். பெரிய தவறு செய்தால் எங்கள் பதிவே போகலாம், இவர்களுக்குப் போவதற்கு என்ன இருக்கிறது? எத்தனை வருடமாகச் சொல்கிறோம், யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வீக்கமும் நீலம் பாய்ந்ததும் அடங்க இரண்டு வாரம்கூட ஆகலாம், மூன்று வாரத்தில் கல்யாணம் என்றால் நல்ல டாக்டரிடமும் இப்போது முதல் முறையாகப் போட்டுக்கொள்ள வேண்டாம். கல்யாணம் முடியட்டும், பிறகு நிதானமாகப் போய்ப் பாருங்கள். கொடுத்த 2,000 ரூபாயை அலங்காரக் கூலியில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மறுத்தால் பணம் போகட்டும், ஊசி மட்டும் வேண்டாம்.