முதல் நாளே எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமா?

கேள்வி: எட்டு மாதங்களுக்கு முன் நள்ளிரவில் வீட்டுக்குள் புகுந்த ஒருவன் கத்தியைக் காட்டி மிரட்டி, பணத்தையும் போனையும் பறித்துக்கொண்டு போனான். உடம்பில் கீறல்கூட இல்லை. ஆனாலும் இன்றுவரை சரியான தூக்கம் இல்லை. கதவுச் சத்தம் கேட்டாலே கை நடுங்குகிறது. வெளியே போகவே பயமாக இருப்பதால், ஆன்லைன் தெரபி எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள் தோழி. முன்பின் தெரியாதவரிடம் அந்த இரவைப் பற்றி முழுதும் சொல்ல என்னால் முடியாது. வழக்கு வேறு நடந்துகொண்டிருக்கிறது. இது எனக்குச் சரிப்பட்டு வருமா?

பதில்: வரும் என்றுதான் நினைக்கிறேன். உங்கள் பயத்திலிருந்தே தொடங்குகிறேன். முதல் சந்திப்பில் அந்த இரவைப் பற்றி நீங்கள் விவரமாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ‘வீட்டில் கொள்ளை நடந்தது, அதிலிருந்து தூக்கமில்லை’, இவ்வளவு போதும். போலீஸிடம், வக்கீலிடம், உறவினர்களிடம் என்று ஏற்கெனவே சொல்லிச் சொல்லிக் களைத்திருப்பீர்கள். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களோடு வேலை செய்யப் பழகியவருக்கு இது தெரியும். அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-ல் மீட்சியை மூன்று கட்டங்களாக விளக்கினார். முதலில் பாதுகாப்பு. நினைவுகளைத் தொடுவதும் துக்கப்படுவதும் அதற்கு அப்புறம்தான். மூன்றாவது, வாழ்க்கையோடு மறுபடி சேர்வது.

அன்று இரவு எதுவுமே உங்கள் கையில் இல்லை. அதனால் எதைப் பேசுவது, எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் சிகிச்சையில் உங்கள் கையில் இருக்க வேண்டும். திரைவழிப் பேச்சு இதற்குத் தோதானது. வேண்டாம் என்று தோன்றினால் கேமராவை அணைக்கலாம், அழைப்பையே முடித்துக்கொள்ளலாம். நேரில் ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது எழுந்து போக எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

உடம்பில் கீறல் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் உங்கள் பாதிப்பு சிறியது என்று ஆகாது. உயிருக்கு அச்சுறுத்தல் இருந்தாலே போதும், பி.டி.எஸ்.டி. என்கிற அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநலப் பாதிப்பு வரலாம். அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தாலே அதற்கான மதிப்பீடு செய்துகொள்ள வேண்டும். உங்களுக்கு எட்டு மாதம் ஆகிவிட்டது, இனியும் தள்ளிப்போடாதீர்கள்.

வீடியோ வழியாகச் செய்தால் பலன் குறையுமோ என்ற சந்தேகம் வேண்டாம். அதிர்ச்சிக்கான முக்கியமான சிகிச்சைகளை நேரிலும் வீடியோவிலும் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வுகளில் பலன் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்திருக்கிறது. அந்தச் சிகிச்சைகளில் ஒன்று சி.பி.டி. (Cognitive Processing Therapy), அதிர்ச்சியால் மனதில் பதிந்த எண்ணங்களைப் பேசிச் சீர்படுத்தும் சிகிச்சை. பாலியல் வன்முறையிலிருந்து மீண்டவர்களுக்காக அமெரிக்க உளவியலாளர் பாட்ரீசியா ரெசிக் உருவாக்கியது. வழக்கமாக 12 அமர்வுகள். இதில் சம்பவத்தை விவரமாகச் சொல்லாமலேயே சிகிச்சை பெற முடியும். ‘நான் ஏன் கத்தவில்லை, ஏன் அசையாமல் நின்றேன்’ என்று மனதில் சிக்கிக்கொண்ட எண்ணங்களைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். உங்களுக்கும் அப்படி ஒரு கேள்வி உள்ளே ஓடினால், ஒன்று சொல்கிறேன்: கடும் ஆபத்தில் உடம்பு உறைந்து போவது தானாக நடப்பது. அது கோழைத்தனமும் இல்லை, சம்மதமும் இல்லை.

உங்கள் விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே கவலை தருவது வேறு. சம்பவம் நடந்த அதே வீட்டில் உட்கார்ந்துதான் நீங்கள் பேசப் போகிறீர்கள். அந்த அறை வேண்டாம். முதுகுக்குப் பின்னால் சுவரும், கண்ணுக்கு நேரே கதவும் இருக்கும்படி வேறு இடம் பாருங்கள். வீட்டில் சரிப்படாவிட்டால் தோழியின் வீடு, நிறுத்தி வைத்த கார் எதுவானாலும் பரவாயில்லை. ஹெட்போன் அவசியம். அமர்வு முடிந்த பிறகு அரைமணி நேரம் எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். நேரில் போனால் திரும்பி வரும் வழியில் மனம் ஆறும், இங்கே அந்த வழி கிடையாது.

பாரமான நினைவின் நடுவில் இணைப்பு அறுந்தால் என்ன செய்வது? இதை முதல் நாளே பேசி முடிவு செய்யுங்கள். யார் யாரைக் கூப்பிடுவது, எந்த எண்ணில், அவசரம் என்றால் உங்கள் தரப்பில் யாருக்குச் சொல்வது என்று எல்லாம் தெளிவாக இருக்கட்டும். யாராவது அறைக்குள் வந்துவிட்டால் பேச்சை மாற்ற ஒரு சங்கேத வார்த்தையும் வைத்துக்கொள்ளலாம். நல்ல சிகிச்சையாளர் இதையெல்லாம் தானே கேட்பார்.

வழக்கு விஷயம். சிகிச்சைக் குறிப்புகளை நீதிமன்றம் கேட்க முடியுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். தொடங்கும் முன் உங்கள் வக்கீலிடம் கேளுங்கள். குறிப்பு எடுப்பாரா, எங்கே வைப்பார், பதிவு செய்வாரா என்று சிகிச்சையாளரிடமும் கேளுங்கள். சாட்சி சொல்ல ஒத்திகை பார்ப்பது அவர் வேலை இல்லை.

தற்கொலை எண்ணம் வந்தாலோ, நேரம் போனதே தெரியாமல் நினைவு தப்பினாலோ திரையை மட்டும் நம்பியிருக்க வேண்டாம், உடனே நேரில் உதவி தேடுங்கள். மிரட்டியவர் ஒரே வீட்டில் இருப்பவர், அல்லது உங்கள் போனைக் கண்காணிப்பவர் என்றாலும் ஆன்லைன் தெரபி ஆபத்து. உங்களுக்கு அந்த நிலை இல்லை; படிக்கும் வேறு யாருக்காவது இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

சிகிச்சையாளரைத் தொடர்புகொள்ளும்போது நீளமாக எழுத வேண்டாம். ‘கொள்ளைச் சம்பவத்தால் பாதிக்கப்பட்டிருக்கிறேன். வழக்கு நடக்கிறது. முதல் சந்திப்பில் விவரம் சொல்ல விருப்பமில்லை. இப்படி வந்தவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா, அதற்கு என்ன பயிற்சி பெற்றீர்கள்?’ என்று கேளுங்கள். பதில் அவசரப்படுத்துவதாகத் தோன்றினால் அடுத்தவரைப் பாருங்கள்.