‘ச’ சீறுகிறதா? ப்ரீசெட்டைத் தொடாதீர்கள்

கேள்வி: சுங்கை சிப்புட்டில் உரிமம் பெற்ற சிறிய பண்பலை நிலையத்தில் ஒலிப் பொறுப்பு என்னுடையது. ஸ்டீரியோ டூல் என்ற ஒலிச் செயலாக்க மென்பொருளைப் போட்டதிலிருந்து அறிவிப்பாளர் ‘ச’, ‘ஸ’ சொன்னாலே சீறுகிறது. உறுமி அடித்தால் பாடுபவர் குரல் அமுங்குகிறது. செம்பனைத் தோட்டப் பக்கம் காரில் கேட்பவர்கள் இரைச்சல் என்கிறார்கள். எந்த ப்ரீசெட் (மென்பொருளோடு வரும் ஆயத்த அமைப்பு) சரிப்படும்?

பதில்: ப்ரீசெட் பிறகு. முதலில் ப்ரீ-எம்ஃபசிஸ் எத்தனை இடத்தில் ஓடுகிறது என்று பாருங்கள். பண்பலையில் உச்ச அதிர்வெண்களை நாம் தூக்கி அனுப்புகிறோம்; அதுதான் ப்ரீ-எம்ஃபசிஸ். வானொலிப் பெட்டி அதே அளவு இறக்கும்போது இரைச்சலும் சேர்ந்து இறங்குகிறது. மலேசியாவில் இதன் அளவு 50 மைக்ரோசெகண்ட். 15 கிலோஹெர்ட்ஸில் 13.7 டெசிபல் உயர்வு. அமெரிக்க அளவான 75 இருந்தால் 3.4 டெசிபல் மிஞ்சும். மென்பொருளும் டிரான்ஸ்மிட்டரும் ஆளுக்கொரு முறை தூக்கினால் 13.7-ம் அப்படியே காதில் விழும். நீங்கள் சொல்லும் சீறலுக்கு என் முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

இடது, வலது ஒலியைத் தனித்தனியே அனுப்புகிறீர்களா? ப்ரீ-எம்ஃபசிஸை மென்பொருளிலேயே வைத்து, டிரான்ஸ்மிட்டரில் அணைத்துவிடுங்கள். தூக்கிய பிறகு லிமிட்டர் (அளவு மீறாமல் தடுக்கும் பகுதி) பிடித்தால்தான் உச்சம் கட்டுக்குள் நிற்கும். ஸ்டீரியோ சிக்னலை மென்பொருளே உருவாக்கினால் சவுண்ட் கார்டு 192 கிலோஹெர்ட்ஸில் ஓட வேண்டும். விண்டோஸின் ஒலி மேம்பாடுகள் எதுவும் இருக்கக் கூடாது. பைலட் (ஒலி ஸ்டீரியோ என்று பெட்டிக்குச் சொல்லும் குறிப்பலை) 9 சதவீதம், அதாவது 6.75 கிலோஹெர்ட்ஸ். மொத்த விலகல் (அலை தன் அதிர்வெண்ணிலிருந்து நகரும் அளவு) 75 கிலோஹெர்ட்ஸைத் தாண்டக் கூடாது. அளவுகருவி இல்லாமல் இதைக் காதால் வைக்க முயல வேண்டாம்.

உறுமிக்கு வருவோம். அடிநாதம் வந்ததும் மொத்த ஒலியையும் ஒரே கை அமுக்குகிறது. ஒலியளவைத் தானாகச் சமன்படுத்தும் ஏஜிசியை மெதுவாக்குங்கள், அதிர்வெண்களைப் பிரித்து அமுக்கும் பல பட்டை கம்ப்ரஸரில் பேஸ் பட்டை மற்றவற்றை இழுக்காமல் விடுங்கள், உச்சத்தை வெட்டும் கடைசி கிளிப்பருக்குப் போகும் அளவைக் குறையுங்கள். சத்தம் கொஞ்சம் குறையும், குறையட்டும். பெரிய நிலையங்களோடு சத்தத்தில் போட்டி போட்டால் பாடுபவரின் குரல்தான் பலியாகும்.

கார் இரைச்சல் வேறு கதை. குன்றில் பட்டுத் திரும்பும் அலையில் முதலில் கெடுவது ஸ்டீரியோதான். ஒரு மாலை பைலட்டை அணைத்து மோனோவில் ஓட்டி, அதே தோட்டப் பாதையில் யாரையாவது கேட்கச் சொல்லுங்கள். இரைச்சல் அடங்கினால் குறை சிக்னலில். ஸ்டீரியோ அகலப்படுத்தலை நிறுத்திவிட்டு ஆன்டெனாவைப் பாருங்கள்.

வாட்சாப்பில் வந்த பாட்டுகளை ஒலிபரப்பாதீர்கள். சுருக்கத்தில் சிதைந்த உச்ச ஒலியைக் கம்ப்ரஸர் இன்னும் தூக்கிக் காட்டும்.