இன்றைய தொழில்நுட்பத்தையே மாற்றியும் அதிகம் பேசப்படாத இயற்பியலாளர் என்றால் யாரைச் சொல்வீர்கள்?

ஜான் பார்டீன். யோசிக்காமலே சொல்வேன்.

இயற்பியல் நோபலை இரண்டு முறை வாங்கியவர் இதுவரை அவர் ஒருவர்தான். மேரி கியூரிக்குக்கூட ஒன்று இயற்பியலில், மற்றொன்று வேதியியலில். அப்படியும் ஐன்ஸ்டைன், டெஸ்லா பெயர் தெரிந்த பலருக்கு இவர் பெயர் தெரியாது. சரி, அவரும் அதற்காக ஒன்றும் மெனக்கெடவில்லை. சன்னமான குரல், அதிலும் அளந்துதான் பேசுவார். 'முணுமுணுக்கும் ஜான்' என்றே பட்டப்பெயர் இருந்தது.

1908இல் அமெரிக்காவின் மேடிசன் நகரில் பிறந்தார். அப்பா அங்கிருந்த பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரிக்கு முதல் டீன். பையன் நடுவில் சில வகுப்புகளைத் தாண்டி, 15 வயதில் கல்லூரிக்குள் நுழைந்துவிட்டார். படித்தது மின் பொறியியல். பிறகு சில ஆண்டுகள் ஓர் எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வகத்தில் புவி இயற்பியல் வேலை. அதை விட்டுவிட்டு பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கோட்பாட்டு இயற்பியலாளர் யூஜின் விக்னரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். பொறியியலும் கோட்பாடும் ஒரே ஆளிடம் சேர்ந்தது அப்படித்தான்.

1945இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடமான பெல் ஆய்வகத்துக்கு வந்தார். மின் சமிக்ஞையைப் பெருக்கவும் திறந்து மூடவும் உதவும் சிறு கருவிதான் டிரான்சிஸ்டர். 'டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தவர்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள், ஆனால் எனக்குப் பிடித்த பகுதி அதற்கு முன்னால் நடந்தது. குழுத்தலைவர் வில்லியம் ஷாக்லியிடம் ஒரு யோசனை இருந்தது. குறைக்கடத்தி என்பது உலோகம் அளவுக்கு மின்சாரத்தைக் கடத்தாத, முழுக்கத் தடுக்கவும் செய்யாத பொருள். அதன் துண்டுக்குப் பக்கத்தில் ஓர் உலோகத் தகட்டை வைத்து மின்னழுத்தம் கொடுத்தால், அந்த மின்புலம் துண்டுக்குள் ஓடும் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். கணக்கு சரியாக வந்தது. ஆனால் செய்து பார்த்தால் விளைவு எதுவும் இல்லை.

ஏன் இல்லை என்று 1946இல் சொன்னவர் பார்டீன். குறைக்கடத்தியின் மேற்பரப்பில் எலக்ட்ரான்கள் சிக்கிக்கொள்ளும் ஆற்றல் நிலைகள் இருக்கின்றன. வெளியிலிருந்து வரும் மின்புலத்தை வாசல் காவலர்கள் மாதிரி அவை மேற்பரப்பிலேயே தடுத்துவிடுகின்றன. உள்ளே எதுவும் எட்டுவதில்லை. ஆகவே கருவி செய்வதைக் கொஞ்சம் ஒத்திவைத்து, முதலில் இந்த மேற்பரப்பைப் புரிந்துகொள்வோம் என்று குழுவின் கவனம் திரும்பியது. அவருக்குத் துணை நின்றவர் வால்டர் பிராட்டைன், கைவேலையில் மன்னன். பார்டீன் யோசிப்பார், பிராட்டைன் செய்து பார்ப்பார். 1947 டிசம்பர் 16 அன்று ஒரு பிளாஸ்டிக் முக்கோணத்தின் விளிம்பில் தங்கத்தகடு ஒட்டி, முனையில் பிளேடால் மெல்லிய பிளவு போட்டு, அதை ஸ்பிரிங்கால் ஜெர்மானியம் என்ற குறைக்கடத்தியின் மேல் அழுத்தினார்கள். இரண்டு தங்க முனைகளுக்கும் இடைவெளி சுமார் 0.05 மில்லிமீட்டர். ஒரு முனையில் கொடுத்த சிறு சமிக்ஞை மறுமுனையில் பெருகி வந்தது. அதுதான் முதல் டிரான்சிஸ்டர்.

அந்த வடிவம் நிலைக்கவில்லை. ஷாக்லி தனியாக யோசித்த, குறைக்கடத்தி அடுக்குகள் சேரும் இடத்தில் வேலை செய்யும் சந்தி டிரான்சிஸ்டர் சில ஆண்டுகளிலேயே அதை ஓரங்கட்டியது. அப்புறம் 1959 வாக்கில், அதே பெல் ஆய்வகத்தில் அட்டாலாவும் காங்கும் சிலிக்கான் மேல் ஆக்சைடு படலம் வளர்த்து மேற்பரப்புத் தொல்லையை அடக்கி, பழைய மின்புல யோசனையையே வேலை செய்ய வைத்தார்கள். இன்று ஒரு ஃபோனின் சிப்பில் ஆயிரம் கோடிக்கும் மேல் இருப்பவை இந்த வகை டிரான்சிஸ்டர்கள்தான். பார்டீன் செய்த கருவி அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. அந்த யோசனை ஏன் தோற்றது என்று அவர் சொன்ன விளக்கம், அதை ஜெயிக்க வைக்க நினைத்தவர்களுக்கு வழி காட்டியது. என்னைக் கேட்டால், அவர் பங்களிப்பில் இதுதான் பெரியது.

ஷாக்லிக்குக் காப்புரிமையில் தன் பெயர் இல்லையே என்ற ஆற்றாமை. அடுத்தகட்ட வேலையிலிருந்து பார்டீனையும் பிராட்டைனையும் ஒதுக்கி வைத்தார். பார்டீன் சண்டை பிடிக்கவில்லை. 1951இல் இலினாய் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பிவிட்டார். அங்கே அவருடைய முதல் மாணவர் நிக் ஹோலன்யாக், 1962இல் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடியைச் செய்தவர்.

1956இல் மூவருக்கும் சேர்த்து நோபல். செய்தி வானொலியில் வந்தபோது அவர் காலை உணவுக்கு முட்டை பொரித்துக்கொண்டிருந்தார். வாணலியைக் கீழே போட்டுவிட்டாராம். ஸ்டாக்ஹோமில் மன்னர், மூன்று பிள்ளைகளில் ஒருவரை மட்டும் கூட்டி வந்தீர்களே என்று செல்லமாகக் கடிந்துகொண்டார். அடுத்த முறை எல்லோரையும் கூட்டி வருகிறேன் என்றார் பார்டீன். விளையாட்டுக்குச் சொன்னதுதான், ஆனால் 1972இல் அப்படியே நடந்தது.

அந்த இரண்டாவது பரிசு மீக்கடத்தலுக்கு. சில உலோகங்களைக் கடுமையாகக் குளிர்வித்தால் மின்தடை முற்றிலும் மறைந்துவிடுகிறது என்பது 1911 முதல் தெரியும், காரணம்தான் பிடிபடவில்லை. லியோன் கூப்பர், மாணவர் ராபர்ட் ஷ்ரீஃபர் இருவரோடும் சேர்ந்து 1957இல் அதை அவிழ்த்தார். ஓர் எலக்ட்ரான் கடந்து போகும்போது சுற்றியுள்ள நேர்மின் அயனிகளைத் தன் பக்கம் லேசாக இழுக்கிறது. அந்த இழுப்பில் இன்னோர் எலக்ட்ரான் வந்து ஜோடி சேர்கிறது. இந்த ஜோடிகள் எல்லாம் ஒரே குவாண்டம் நிலையில் ஒன்றாக நகர்கின்றன. ஒன்றை மட்டும் பிரித்துச் சிதறடிக்கத் தேவையான ஆற்றல் அந்தக் குளிரில் கிடைக்காது. அதனால் தடை இல்லை. நடுவில் ஷ்ரீஃபர் சலித்துப்போய் வேறு தலைப்புக்கு மாற நினைத்தார். முதல் நோபலை வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்த பார்டீன், இன்னும் ஒரு மாதம் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பொறுமைதான் காப்பாற்றியது.

எம்ஆர்ஐ கருவிகளில் திரவ ஹீலியத்தில் குளிர்ந்தபடி காந்தப்புலம் உண்டாக்கும் நியோபியம்-டைட்டானியம் சுருள்கள் மீக்கடத்திகள்தான். அந்த உலோகக் கலவையைத் தேடிப் பிடித்தவர்கள் சோதனையாளர்கள். அதற்கும் பார்டீன்தான் காரணம் என்பது மிகை.

அவரும் சறுக்கியிருக்கிறார். 1962இல் பிரையன் ஜோசப்சன் என்ற 22 வயது கேம்பிரிட்ஜ் மாணவர், இரண்டு மீக்கடத்திகளுக்கு நடுவே உள்ள மெல்லிய காப்புப் படலத்தின் ஊடாக இந்த ஜோடிகள் மின்னழுத்தமே இல்லாமல் கடந்து போகும் என்று கணித்தார். நடக்காது என்று எழுத்திலேயே மறுத்தார் பார்டீன். அடுத்த ஆண்டே பெல் ஆய்வகத்தில் ஆண்டர்சனும் ரோவலும் சோதனையில் அதைக் காட்டியதும் ஒப்புக்கொண்டார். கூகுளும் ஐபிஎம்மும் கட்டும் குவாண்டம் கணினிகளில் க்யூபிட்டாக, அதாவது தகவலின் அடிப்படை அலகாக, வேலை செய்யும் சுற்றுகளுக்கு அடிப்படை, அவர் மறுத்த விளைவு நடக்கும் அந்த இரு மீக்கடத்தி அமைப்புதான், அதற்குப் பெயர் ஜோசப்சன் சந்தி.