ஒலி அலையில் துகளின் இடப்பெயர்ச்சியை வைத்து அதிர்வெண்ணைக் கண்டுபிடிப்பது எப்படி?

பிளஸ் ஒன்னில் இதே மாதிரிக் கணக்குக்கு 500 ஹெர்ட்ஸ் என்று எழுதி முட்டை வாங்கியவன் நான். அதனால் தப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

கணக்கு இதுதான். காற்றில் செல்லும் ஓர் ஒலியின் இடப்பெயர்ச்சி வீச்சு (துகள் நடுநிலையிலிருந்து அதிகபட்சம் விலகும் தூரம்) 8 நானோமீட்டர். ஒரு துகள் +4 நானோமீட்டரிலிருந்து −4க்கு நேராக இறங்க 0.5 மில்லி விநாடி ஆகிறது. ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர். அதிர்வெண் என்ன?

நான் போட்டது: ஒரு முழு அலைவில் துகள் போய்வரும் தூரம் வீச்சைப் போல நாலு மடங்கு, 32 நானோமீட்டர். 8க்கு 0.5 என்றால் 32க்கு 2 மில்லி விநாடி. ஆக 500 ஹெர்ட்ஸ். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது! ஆனால் துகள் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஊஞ்சலைப் போல நடுவில் விருட்டென்று கடந்து, ஓரத்தில் தயங்கித் திரும்பும். நடுப்பகுதியில் எடுத்த நேரத்தை அப்படியே ஓரத்துக்கும் நீட்டியதுதான் என் தவறு.

சரி, கோணத்தில் பார்ப்போம். ஒரு முழு அலைவை 360 டிகிரிச் சுற்றாக வைத்தால், இடப்பெயர்ச்சி என்பது வீச்சை அந்தக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கியது. 4 என்பது வீச்சில் பாதி. சைன் மதிப்பு அரை என்றால் கோணம் 30 டிகிரி. நடுநிலைக்கு மேலே 30, கீழே 30, மொத்தம் 60 டிகிரி. முழுச் சுற்றில் ஆறில் ஒரு பங்கு. அப்படியானால் அலைவு நேரம் 3 மில்லி விநாடி, அதிர்வெண் சுமார் 333 ஹெர்ட்ஸ்.

கேள்வியில் உள்ள 'நேராக' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். துகள் +4இலிருந்து முதலில் 8 வரை ஏறி, அப்புறம் −4க்கு இறங்கியிருந்தால் கடந்தது 180 டிகிரி. அதே 0.5 மில்லி விநாடிக்கு விடை 1000 ஹெர்ட்ஸ் ஆகிவிடும்.

343ஐ எங்குமே தொடவில்லை, கவனித்தீர்களா? அது அலை நகரும் வேகம். நம் துகளின் உச்ச வேகமோ விநாடிக்கு வெறும் 0.017 மில்லிமீட்டர்.

ஒரே கணத்தில் இரண்டு துகள்களின் இடப்பெயர்ச்சியைக் கொடுத்தால்தான் 343 தேவைப்படும். ஒன்று +4, மற்றது −4, இடையில் உச்சம் எதுவும் இல்லை, இடைவெளி 17 செ.மீ. என்று வையுங்கள். இப்போது அந்த ஆறில் ஒரு பங்கு அலைநீளத்துக்கு உரியது. அலைநீளம் 1.02 மீட்டர், 343ஐ அதால் வகுத்தால் சுமார் 336 ஹெர்ட்ஸ்.